காப்புரிமைப் பரிசீலனையில் பொதுமக்களின் இடம்

1790ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் தன் முதல் காப்புரிமைச் சட்டத்தை இயற்றியபோது, விண்ணப்பித்தவருடைய கண்டுபிடிப்பு மெய்யாகவே புதியதா, தனியுரிமை வழங்கத் தக்க அளவுக்குப் பயனுடையதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை ராஜாங்கச் செயலாளர், யுத்தச் செயலாளர், தலைமை அரசு வழக்கறிஞர் ஆகிய மூவரிடம் ஒப்படைத்தது. இயந்திரங்களிலும் பயிர்த்தொழிலிலும் ஓயாத ஈடுபாடு கொண்டிருந்த தாமஸ் ஜெஃபர்சன் அப்போது ராஜாங்கச் செயலாளராக இருந்தபடியால், அத்தேசத்தின் முதல் காப்புரிமைப் பரிசீலகர் அவரே என்று சொல்லுவது மிகையாகாது. அந்த முதல் ஆண்டில் மூன்றே மூன்று உரிமைகள்தாம் வழங்கப்பட்டன. ஆனால் அரசாங்கத்தின் தலையாய காரியங்களைத் தாங்கியிருந்தவர்களுக்கு இந்த வேலையும் சேர்ந்து பெரும் பாரமாகிவிடவே, 1793இல் பரிசீலனையையே நீக்கிவிட்டு, கட்டணம் செலுத்தி விவரம் கொடுத்தவர்களுக்கெல்லாம் உரிமைப் பத்திரம் வழங்கும் வெறும் பதிவுமுறையைக் கொண்டுவந்தார்கள். அதன் விளைவாகப் பழையனவும், பிறருக்குச் சொந்தமானவையும், ஒன்றோடொன்று முரண்பட்டவையும் உரிமை பெற்று வியாஜ்யங்கள் மலிந்த பிறகே, சம்பளம் பெறும் தொழில்முறைப் பரிசீலகர்களை நியமிக்கும் சட்டம் 1836இல் பிறந்தது. மூன்று மந்திரிகள், பிறகு யாருமில்லை, பிறகு உத்தியோகஸ்தர் என்ற இந்த வரிசையில் நான்காவது ஓர் இடமும் உண்டா, அதில் பொதுமக்கள் உட்கார முடியுமா என்ற கேள்வியை 21ஆம் நூற்றாண்டில்தான் அங்கே சிரத்தையுடன் கேட்டார்கள்.

காப்புரிமை என்பது சமூகம் கண்டுபிடிப்பாளருடன் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். தம் மனத்துக்குள் இருந்த ரகசியத்தை எல்லோரும் கற்றுக்கொள்ளும்படி அவர் எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்குச் சமூகம் இருபது ஆண்டுகள் அப்பொருளில் ஏகபோகத்தை அவருக்கு அளிக்கிறது. அவர் எழுதிக் கொடுத்தது ஏற்கெனவே ஊரறிந்த விஷயமாக இருக்குமானால், சமூகம் தன் சொந்தப் பொருளையே விலை கொடுத்து வாங்கியதாகிவிடும். ஆகவே இந்த ஒப்பந்தத்தின் ஜீவன் புதுமை. அந்தப் புதுமையைச் சோதிப்பது முன்சான்று, அதாவது விண்ணப்பத் தேதிக்கு முன்னரே அச்சிலோ வழக்கத்திலோ இருந்தவற்றின் ஆதாரம். அதைத் தேடும் பரிசீலகர் ஒருவர்தான் அந்த அறைக்குள் பொதுமக்களின் சார்பாக இருப்பவர். எதிரே விண்ணப்பதாரரும் அவருடைய வழக்கறிஞரும் இருக்கிறார்கள், வேறு யாருமில்லை. விண்ணப்பத்தைப் படிப்பதற்கும், தேடுவதற்கும், விண்ணப்பதாரருடன் கடிதப் போக்குவரத்து நடத்துவதற்கும், முடிவை எழுதுவதற்கும் சேர்த்து அமெரிக்கப் பரிசீலகருக்கு ஒரு விண்ணப்பத்துக்கென்று சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ 20 மணி நேரமே. 2007ஆம் ஆண்டில் அங்கே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் யாரும் எடுத்துப் பார்க்காமல் காத்துக் கிடந்தன.

ரசாயனம், இயந்திரவியல் போன்ற துறைகளில் இந்த நெருக்கடியை ஓரளவு சமாளிக்கலாம். ஏனெனில் அத்துறைகளின் அறிவு பெரும்பாலும் சஞ்சிகைகளிலும் பழைய காப்புரிமைகளிலும் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. கணினி மென்பொருளின் சங்கதி வேறு. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வித்தையைக் கட்டுரையாக எழுதுவது குறைவு. அது நிரல்களுக்குள்ளும், கைந்நூல்களிலும், வழக்கொழிந்துபோன இயந்திரங்களிலும், அவற்றைப் பயன்படுத்தியவர்களின் ஞாபகத்திலும் சிதறிக் கிடப்பது. 1998இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் வங்கி வழக்கில் அமெரிக்கச் சமஷ்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் வியாபார முறைகளுக்கும் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்த பின், இந்தச் சிதறிய அறிவின்மீது உரிமை கோரும் விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தன. மறு ஆண்டே, இணையத்தில் ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் நிறுவனம் உரிமை பெற்றது. அதைக் கண்டித்த பதிப்பாளர் டிம் ஓரெய்லியும், அந்த நிறுவனத்தின் தலைவரான ஜெஃப் பெசோஸும் சேர்ந்து முதலீடு செய்த பவுண்டிகுவெஸ்ட் என்ற ஸ்தாபனம், காப்புரிமைகளைத் தகர்க்கும் முன்சான்று கொண்டுவருவோருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பரிசு என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஒரே சொடுக்கு உரிமையை, 2006இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஒருவர் தாமே மறுபரிசீலனை மனுப் போட்டு அசைத்தார். முடிவில் அதன் எல்லை குறுகியது. உத்தியோகஸ்தரின் கண்ணுக்குத் தப்பிய சான்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்பதை இவை காட்டின. ஆனால் இரண்டும் உரிமை வழங்கப்பட்டுத் தீங்கு நேர்ந்த பிறகு செய்த பிரயத்தனங்கள்.

உரிமை வழங்குவதற்கு முன்பே அந்த யாரோ ஒருவரைப் பரிசீலகரின் மேஜைக்கு அழைத்துவர முடியாதா என்ற யோசனையை 2005இல் முன்வைத்தவர், நியூயார்க் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பெத் நோவெக். அவர் வகுத்த திட்டம் ‘பியர் டு பேட்டன்ட்’ என்ற பெயரில், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஒத்துழைப்போடு 2007 ஜூன் மாதம் தொடங்கியது. கணினித் துறையைச் சேர்ந்த விண்ணப்பங்களை மட்டும், முதலில் 250 என்ற உச்சவரம்புடன் எடுத்துக்கொண்டார்கள். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், ஹியூலெட் பேக்கர்ட், ஜெனரல் எலெக்ட்ரிக் முதலிய பெரிய நிறுவனங்கள் தம் விண்ணப்பங்களைத் தாமே முன்வந்து கொடுத்தன. இணையத்தில் பார்வைக்கு வைக்கப்பட்ட விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் படித்து, தமக்குத் தெரிந்த முன்சான்றைப் பதிவு செய்து, அது எந்தக் கோரிக்கையை எவ்விதம் தாக்குகிறது என்று விளக்கலாம்; பங்குகொண்ட பிறர் அந்தச் சான்றின் பொருத்தத்தை எடைபோட்டுத் தரவரிசைப்படுத்துவார்கள்; இவ்வாறு தேறிய சான்றுகளில் பத்துக்கு மேற்படாதவை பரிசீலகருக்கு அனுப்பப்படும். விண்ணப்பம் நல்லதா கெட்டதா என்று பொதுமக்களிடம் வாக்குக் கேட்கும் ஏற்பாடாக இதைக் கருதியவர்கள் அதன் உட்பொருளை அறியாதவர்கள். அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை. தேதியிட்ட ஓர் ஆவணத்தைக் கொண்டுவா, அது எப்படிப் பொருந்துகிறது என்று சொல், தீர்ப்பைப் பரிசீலகரிடம் விட்டுவிடு என்பதே அந்த ஏற்பாட்டின் கட்டுப்பாடு; என் மதிப்பீட்டில் அத்திட்டத்தின் தலைசிறந்த லட்சணமும் அதுவே. கூட்டத்தின் கோபத்தை வடிகட்டிவிட்டு அதன் ஞாபகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அது வழி செய்தது.

இவ்வளவு எளிய காரியத்துக்குச் சட்டம் போட்டிருந்த விலங்குகளையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நெடுங்காலம் விண்ணப்பங்கள் உரிமை வழங்கப்படும் வரையில் ரகசியமாகவே இருந்தன. தாக்கல் செய்த 18 மாதங்களில் அவற்றைப் பிரசுரிக்க வேண்டும் என்ற பொது விதியை 1999ஆம் ஆண்டுச் சட்டமே கொண்டுவந்தது. அப்படிக் கதவைத் திறந்த அதே சட்டம், பிரசுரமான விண்ணப்பத்துக்கு எதிராக மூன்றாம் மனிதர் எவரும், விண்ணப்பதாரரின் எழுத்து மூலமான சம்மதமின்றி, ஆட்சேபம் தெரிவிக்கக் கூடாது என்றும் விதித்துவிட்டது. அலுவலகத்தின் விதிகள் அனுமதித்த ஒரே சலுகை, பிரசுரமான இரண்டு மாதங்களுக்குள் கட்டணம் செலுத்திச் சில ஆவணங்களைச் சமர்ப்பிக்கலாம் என்பது. அந்த ஆவணங்கள் ஏன் பொருத்தமானவை என்று ஒரு வரி விளக்கம் எழுதவும் தடை. வாயைக் கட்டிச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதை ஒத்தது இது. ஆதலால் நோவெக்கின் திட்டம் விண்ணப்பதாரரின் சம்மதத்தைப் பெற்றே நடக்க வேண்டியிருந்தது. சம்மதித்தவர்களின் விண்ணப்பம் வரிசையில் முன்னே தள்ளி எடுத்துக்கொள்ளப்படும் என்பது அதற்குரிய ஊக்கம். தன் கோரிக்கை பலவீனமானது என்று மனத்தில் அறிந்த விண்ணப்பதாரர் இதற்குச் சம்மதிப்பாரா? எந்த விண்ணப்பங்களைப் பொதுமக்கள் பார்ப்பது மிகவும் அவசியமோ, அவை அந்த மேடைக்கு வராமலே போவதற்கு அத்திட்டத்தின் அமைப்பிலேயே வழி இருந்தது.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். பரிசீலகர்கள் பல விண்ணப்பங்களில் பொதுமக்கள் தந்த சான்றுகளைக் கொண்டே கோரிக்கைகளை நிராகரித்தார்கள். 2009இல் முதல் கட்டம் முடிந்து, 2010 அக்டோபரில் உயிர்த்தொழில்நுட்பம், தொலைத்தொடர்பு முதலிய துறைகளையும் சேர்த்து இரண்டாம் கட்டம் ஓராண்டு நடந்தது. ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கொரியா, பிரிட்டன் ஆகிய தேசங்களும் இதே மாதிரியில் சிறு பரீட்சைகளை நடத்திப் பார்த்தன. எனினும் எங்கும் இது நிலைபெற்ற முறையாக வேரூன்றவில்லை. அதன் காரணத்தை மக்களின் சோம்பேறித்தனத்தில் தேடுவது நியாயமாகாது.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு காப்புரிமையை அறிந்தே மீறினவர்மீது நீதிமன்றம் நஷ்டஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். இதனால் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள், தம் பொறியாளர்களைப் பிறருடைய காப்புரிமைகளைப் படிக்கவே வேண்டாம் என்று எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. முன்சான்றை அறிந்தவர்கள் எவர்களோ, அவர்களே விண்ணப்பத்தைக் கண்ணெடுத்துப் பார்க்க அஞ்சும்படி சட்டம் செய்துவிட்டது. மற்றொரு காரணமும் உண்டு. வழங்கப்பட்ட உரிமையை நீதிமன்றத்தில் செல்லாதாக்குவதற்குத் தெளிவான, மனத்தைத் தெளிவிக்கும் ருசு வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மைக்ரோசாஃப்டுக்கும் ஐ4ஐ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2011இல் உறுதி செய்தது. பரிசீலகர் பார்த்திராத புதிய சான்று நீதிமன்றத்தில் கூடுதல் எடை பெறலாம் என்றும் அது குறிப்பிட்டது. அப்படியானால், கையில் பலமான சான்றை வைத்திருக்கும் போட்டி நிறுவனம் அதைப் பரிசீலகரிடம் கொடுத்து, அவர் அதைச் சரியாக உணராமல் தள்ளிவிடும் அபாயத்தை ஏற்பதைவிட, வழக்கு வரும் நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வதே தனக்கு லாபம் என்று கணக்கிடும். அறிந்தவர்கள் அஞ்சவும் போட்டியாளர் ஒளிக்கவும் காரணம் இருக்கும் இடத்தில், சுயநலமற்ற தன்னார்வலரை மட்டுமே நம்பி ஒரு பொது ஏற்பாட்டை நிலைநிறுத்துவது கடினம்.

ஆயினும் அந்தப் பரீட்சை வீண்போகவில்லை. 2011 செப்டம்பரில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின் மூலம், மூன்றாம் மனிதர் எவரும், விண்ணப்பதாரரின் சம்மதமின்றியே, முன்சான்றையும் அதன் பொருத்தத்தைப் பற்றிய சுருக்கமான விளக்கத்தையும் உரிய காலத்துக்குள் சமர்ப்பிக்கலாம் என்று விதி மாறியது. மறு ஆண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. கட்டியிருந்த வாய் அவிழ்ந்தது. ஆனால் விண்ணப்பத்தை முன்னால் வைத்துப் பலர் சேர்ந்து தேடி, எடைபோட்டு, தேர்ந்தெடுத்து அனுப்புகிற அந்தக் கூட்டு மேடை அதற்குள் கலைந்துவிட்டிருந்தது. உரிமை இல்லாத காலத்தில் கருவி இருந்தது. உரிமை வந்தபோது கருவி இல்லை.

இந்தியர்களாகிய நாம் இந்தக் கதையை அந்நிய தேசத்துச் செய்தியாக மட்டும் கேட்டுவிட முடியாது. முன்சான்று என்ற சொல்லின் வலியை நாம் நன்றாக அறிந்தவர்கள். புண்ணுக்கு மஞ்சள்தூள் இடும் முறைக்கு 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. கோடிக்கணக்கான வீடுகளில் தினந்தோறும் நடக்கும் ஒரு வழக்கம் புதிய கண்டுபிடிப்பாக அங்கீகாரம் பெற்றது எப்படி என்று பலர் கொதித்தார்கள். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. பிற தேசத்தில் ஒரு பொருள் வழக்கத்தில் இருப்பது அங்கே முன்சான்று ஆகாது. அச்சில் வந்திருந்தால் மட்டுமே ஆகும். எனவே இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில், மஷேல்கரின் தலைமையில் அந்த உரிமையை எதிர்த்தபோது, நம் பாட்டிமாரின் அனுபவத்தைச் சாட்சியாக நிறுத்த முடியாமல், பழைய கிரந்தங்களையும், 1953ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையையும் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தது. 1997இல் உரிமை ரத்தாயிற்று. வெளிநாட்டு வழக்கத்தையும் சான்றாக ஏற்கும்படி அமெரிக்கச் சட்டம் மாறியது 2013 மார்ச் மாதத்திலிருந்துதான்.

மறுபுறம், அமெரிக்கர்கள் சம்மதம் கேட்டுக்கொண்டு செய்த காரியத்தை இந்தியச் சட்டம் உரிமையாகவே கொடுத்திருக்கிறது என்பதை நம்மில் அநேகர் அறியோம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை, 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அஸ்திவாரம் ஆயிற்று. அச்சட்டம் 2005இல் திருத்தப்பட்டபோது, 25ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, விண்ணப்பம் பிரசுரமான பின் உரிமை வழங்கப்படும் வரையில், எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று விதித்தது. விண்ணப்பத்தில் சொந்த நலன் உடையவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கட்டணமும் அப்போது கிடையாது. பிரசுரத்துக்குப் பின் ஆறு மாதங்கள் கழியாமல் உரிமை வழங்கக் கூடாது என்ற விதியும் உடன் இருக்கிறது.

அந்தச் சொற்களின் பலம் முதன்முதலில் பெரிய அளவில் வெளிப்பட்டது சென்னையில்தான். ரத்தப் புற்றுநோய்க்குரிய இமாட்டினிப் மெசிலேட் என்ற மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2005க்குப் பின் அது பரிசீலனைக்கு வந்தபோது இந்திய மருந்து நிறுவனங்களோடு, புற்றுநோயாளிகளுக்கு உதவி செய்யும் ஒரு தர்ம ஸ்தாபனமும் ஆட்சேபம் தாக்கல் செய்தது. நோவார்ட்டிஸ் விலையில் அந்த மருந்துக்கு மாதம் ஒன்றுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆன காலத்தில், இந்திய நிறுவனங்கள் அதைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்றுக்கொண்டிருந்தன. ஆட்சேபித்தவர்கள் முன்வைத்த ஆதாரங்களில் முதன்மையானது அதே மூலக்கூறுக்கு முன்னரே வழங்கப்பட்டிருந்த அமெரிக்கக் காப்புரிமை. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த முடிவு பல படிகள் ஏறி, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. பத்தாண்டு கழித்து, காசநோய் மருந்தான பெடாகுவிலின் விஷயத்தில், காசநோயிலிருந்து மீண்டு, அந்நோய்க்குக் கொடுத்த பழைய மருந்துகளால் செவிப்புலனை இழந்த இரு பெண்கள், ஒருவர் மும்பையையும் மற்றவர் தென்னாப்பிரிக்காவையும் சேர்ந்தவர், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் இரண்டாம் நிலை விண்ணப்பத்தை ஆட்சேபித்து வென்றார்கள். 2023 மார்ச்சில் வந்த அந்த முடிவால், அதே ஆண்டு ஜூலையில் மூல உரிமை காலாவதியானபோது பிற உற்பத்தியாளர்களுக்கு வழி திறந்தது. எவரும் என்ற ஒரே சொல் சட்டத்தில் இல்லாதிருந்தால், அந்த இருவருக்கும் அங்கே நிற்க இடமே இருந்திராது.

இத்தகைய உரிமை இருந்தும் அது மருந்துத் துறையைத் தாண்டி அதிகம் பயன்படாதது ஏன்? நம் அலுவலகத்தின் பிரசுரம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மின்னிதழாக வெளிவருகிறது. அதை எடுத்துப் புரட்டுகிறவர் யார்? 2023-24ஆம் நிதியாண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமைகள் இந்தியாவில் வழங்கப்பட்டன. அத்தனை விண்ணப்பங்களைத் துறைவாரியாகப் பிரித்து, கோரிக்கைகளைச் சாதாரணத் தொழிலாளியும் ஆசிரியரும் விளங்கிக்கொள்ளும் பாஷையில் எடுத்துச் சொல்லி, இந்தச் சாயப்பட்டறை முறை உமக்குத் தெரிந்ததா, இந்த நெசவுக் கருவியை எங்கேனும் கண்டதுண்டா என்று கேட்டு, விடைகளை ஒழுங்குபடுத்திப் பரிசீலகரிடம் சேர்க்கும் மேடை ஒன்றுமில்லை. நோவெக்கின் திட்டத்தில் உரிமை குறைந்து கருவி நிறைந்திருந்தது. நம்மிடம் உரிமை நிறைந்து கருவி சூனியமாயிருக்கிறது. இவ்விரண்டையும் ஓரிடத்தில் நிலையாகக் கூட்டி வைத்த தேசம் எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஒரு கருவி நம்மிடம் உண்டு என்று சிலர் கூறலாம். 2001இல் தொடங்கப்பட்ட பாரம்பரிய அறிவு மின்னூலகம், ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவ நூல்களிலுள்ள யோகங்களைச் சம்ஸ்கிருதம், அரபு, பாரசீகம், உருது, தமிழ் முதலிய மூலங்களிலிருந்து எடுத்து, ஐந்து சர்வதேச பாஷைகளில் பெயர்த்து வைத்திருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தோடும் அமெரிக்க அலுவலகத்தோடும் 2009இல் ஒப்பந்தம் ஆகி, அவற்றின் பரிசீலகர்கள் அதைப் பார்க்கிறார்கள். சிரமமும் சிரத்தையும் நிறைந்த அந்தப் பெரும்பணியை வணங்கத்தான் வேண்டும். ஆயினும் அது பரிசீலகர்களுக்கென்று பூட்டி வைத்த பெட்டகம். 2022இல் அதைப் பிறருக்கும் திறக்க மத்திய மந்திரிசபை இசைந்தபோது வகுத்த முறையும் சந்தா செலுத்துவோருக்கானது. திறந்துவிட்டால் அந்நிய நிறுவனங்கள் அவ்வறிவைச் சிறிது மாற்றித் தமதாக்கிக்கொள்ளும் என்ற அச்சம் அற்பமானதன்று. ஆனால் பூட்டிய பெட்டகத்தில் விடுபட்டுப் போனது எது, தவறாகப் பெயர்க்கப்பட்டது எது என்று சொல்லக்கூடிய பரம்பரை வைத்தியரும் வெளியே நிறுத்தப்படுகிறார் என்பதை அந்த அச்சத்தோடு சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம், உரிமைக்கு முந்திய ஆட்சேபத்துக்கும் கட்டணம் விதித்து, ஆட்சேபம் விசாரணைக்கு ஏற்கத் தக்கதா என்பதை அதிகாரி முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. போட்டியாளர்கள் பினாமிப் பெயர்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சேபங்களைப் போட்டு விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்ற புகாரே இதற்குக் காரணம்; அந்தப் புகாரில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வியாதிக்கு மருந்து தவறிவிட்டது. வியாஜ்யம் நடத்த வந்தவரையும் ஒரு தாளைக் காட்ட வந்தவரையும் நம் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை; இருவருக்கும் ஒரே படிவம், ஒரே விசாரணை, இப்போது ஒரே கட்டணம். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 115ஆம் ஷரத்து இந்த வித்தியாசத்தைத் தெளிவாக உணர்ந்து எழுதப்பட்டது. அதன்படி, பிரசுரமான எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் எவரும் தம் குறிப்புகளை மியூனிக்கிலுள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பலாம். அவர் வழக்கின் தரப்பினர் ஆகமாட்டார். கட்டணமில்லை, பெயர் சொல்லவும் வேண்டியதில்லை. தாமதம் விளைவிக்க விரும்பும் போட்டியாளருக்கு அதில் பிடிமானம் எதுவும் கிடைக்காது. சான்று உடையவருக்குத் தடை எதுவும் இல்லை. குறிப்பு மட்டும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்க வேண்டும். ஆதாரமாக இணைக்கும் நூல் எந்த பாஷையிலும் இருக்கலாம். நம் அலுவலகத்திலோ, ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பதே பொது விதி. சித்த மருத்துவ நூலின் ஒரு பக்கத்தைத் தமிழிலேயே மியூனிக்கில் ஆதாரமாக வைக்கக்கூடிய ஒரு வைத்தியர், கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் அதை வைப்பதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடி, படிவம் நிரப்பி, பணம் கட்டி, தாம் பேசத் தகுதியுள்ளவர்தானா என்ற தீர்மானத்துக்கும் காத்திருக்க வேண்டும். 115ஆம் ஷரத்தைப் போன்ற ஒன்றை நம் சட்டத்திலும் சேர்த்து, அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த பாஷையில் சான்று வந்தாலும் பெற்றுக்கொண்டு, மொழிபெயர்க்கும் செலவை அலுவலகமே ஏற்கும்படி செய்வதற்குப் பாராளுமன்றத்தின் ஒரு சிறு திருத்தமும் சர்க்காரின் ஒரு சிறு ஒதுக்கீடும் போதும்.